மதகுக் கல்லில் இருப்பது விக்கிப்பீடியாவில் ஏன் நிற்கவில்லை?

வட மாவட்டம் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர் ஏழு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு அவர் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கினார். சொந்த ஊரின் ஏரியைப் பற்றிய கட்டுரை அவர் தொடங்கியதுதான். பழைய மதகின் பக்கக் கல்லில் ‘கோப்பரகேசரி’ என்ற சோழ மன்னர் பட்டத்தையும் ஓர் ஆட்சியாண்டையும் அவரே படித்திருக்கிறார். அதைக் கொண்டு, ஏரியை வெட்டியவர் முதலாம் பராந்தக சோழர் என்று எழுதினார். இரண்டு ஆண்டுகள் அது அப்படியே இருந்தது. அண்மையில் வேறொரு பயனர் வந்து, ஏரியை வெட்டியவர் நாயக்கர் காலத்துப் பாளையத் தலைவர் ஒருவர் என்று மாற்றினார். சான்றாக அவர் காட்டியது ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக மலரை. ஆசிரியை அதை நீக்கினார். அந்தப் பயனர் திரும்பச் சேர்த்தார். ஒரே இரவில் ஆறு முறை இப்படி நடந்தது. நிருவாகி ஒருவர் ஆசிரியையின் கணக்கை மூன்று நாள் தடை செய்தார். அந்த மூன்று நாளில் தங்கை மகன் புதுக் கணக்கு தொடங்கி அதே மாற்றத்தைச் செய்தார். பழைய மாணவர்கள் நான்கு பேரும் வந்து உரையாடல் பக்கத்தில் ஆதரவு எழுதினார்கள். விளைவாக, தங்கை மகனின் கணக்கு காலவரையின்றித் தடை செய்யப்பட்டது. ஆசிரியையின் தடை ஒரு மாதமாக நீண்டது. எதிர்த் தரப்புப் பயனர் உரையாடல் பக்கத்தில் ‘வயதான காலத்தில் வந்த கற்பனை’ என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல்தான் தன்னைத் தூங்கவிடவில்லை என்கிறார் ஆசிரியை.

அவர் கேட்பவை நான்கு: அவதூறு வழக்குத் தொடுக்கலாமா? விக்கிப்பீடியா நிறுவனத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கட்டுரையைத் திருத்துவார்களா? கட்டுரை என்னுடையது என்பதால் அதை முழுதாக நீக்கச் சொல்ல உரிமை உண்டா? இதில் தீர்ப்புச் சொல்லும் மேல் அதிகாரி யார்?

அன்புள்ள அம்மா,

நான் வழக்கறிஞர். பல ஆண்டுகளாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியும் வருகிறேன். எனவே உங்கள் கடிதத்தை இரண்டு விதமாகவும் படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சொல் தவறு. முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்த ஒருவரின் வயதை வாதத்துக்குள் இழுத்தது நாகரிகமற்ற செயல். அதற்கு என்ன செய்யலாம் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் அந்தக் காயமும் ஏரியின் வரலாறும் இரண்டு வெவ்வேறு விஷயங்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டிவைத்திருப்பதால்தான் உங்களால் எதையும் தீர்க்க முடியவில்லை.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதற்கான பதிலில்தான் மற்றவையும் அடங்கியிருக்கின்றன.

நீதிபதி இல்லாத இடம்

‘மேல் அதிகாரி யார்’ என்று கேட்கிறீர்கள். ஏரியை வெட்டியவர் யார் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரி விக்கிப்பீடியாவில் எவரும் இல்லை. உங்களைத் தடை செய்த நிருவாகி நீதிபதி அல்லர். உங்களையும் என்னையும் போன்ற தன்னார்வலர்தான். பிற பயனர்களின் ஆதரவோடு சில கூடுதல் கருவிகளைப் பெற்றிருக்கிறார். பக்கத்தைப் பூட்டலாம், நீக்கலாம், கணக்கைத் தடுக்கலாம். பராந்தகரா பாளையத் தலைவரா என்பதில் அவருடைய கருத்துக்கும் உங்கள் கருத்துக்கும் ஒரே எடைதான்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் நடுவர் குழு என்று ஒன்று உண்டு. மற்ற வழிகள் எல்லாம் தோற்ற பிறகு வழக்குகள் அங்கே போகும். அந்தக் குழுகூடப் பயனர்களின் நடத்தையைத்தான் விசாரிக்கிறது. கட்டுரையில் எந்தத் தகவல் சரி என்று சொல்வதில்லை. தமிழில் அப்படிக் குழுவும் இல்லை. நமக்கு இருப்பவை உரையாடல் பக்கமும், எல்லாப் பயனர்களும் கூடிப் பேசும் ஆலமரத்தடி என்ற பொதுப் பக்கமும், நேரம் ஒதுக்கிப் படித்துப் பார்க்க முன்வரும் சில பயனர்களும்தான். ‘ஆலமரத்தடி’ என்று பெயர் வைத்தவர்கள் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஊர் கூடிப் பேசி ஓர் இணக்கத்துக்கு வருவது ஒன்றே வழி.

இணக்கம் என்றால் வாக்கெடுப்பு என்று நீங்கள் எண்ணிவிட்டீர்கள். அதனால்தான் நான்கு மாணவர்களை அழைத்து வந்தீர்கள். அங்கே தலையை எண்ணுவதில்லை. யார் என்ன சான்று காட்டுகிறார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். ஒரே நாளில் கணக்குத் தொடங்கி ‘எங்கள் ஆசிரியை சொல்வதே சரி’ என்று எழுதிய நான்கு பேர் ஒரு சான்றுகூடச் சேர்க்கவில்லை. உங்கள் தரப்பின் மீது சந்தேகத்தைத்தான் சேர்த்தார்கள். அவர்கள் அன்பினால் வந்தவர்கள் என்பது எனக்குப் புரிகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஆள் சேர்ப்பதாகத்தான் தெரியும்.

தங்கை மகன் செய்தது இன்னும் சிக்கலானது. தடை என்பது கணக்குக்கு மட்டும் அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் ஆளுக்கும் சேர்த்துத்தான். வேறு கணக்கில் வந்து அதே மாற்றத்தைச் செய்தால் அதைத் தடையை மீறியதாகவே கொள்வார்கள். இணைப்புத் தடயங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் அதிகாரம் பெற்ற சில பயனர்களும் இருக்கிறார்கள். ஒரே வீட்டு இணைப்பிலிருந்து வந்தது அவர்களுக்குத் தெரிந்துவிடும். ‘நான் செய்யவில்லை, அவன்தான் செய்தான்’ என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லித்தான் அவர் செய்தார் என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதை மறைக்காமல் ஒப்புக்கொள்வதுதான் உங்களுக்கு நல்லது. தடை இருக்கும்போதும் பொதுவாக உங்கள் சொந்தப் பேச்சுப் பக்கத்தில் எழுத முடியும். ‘விதி தெரியாமல் செய்துவிட்டோம். இனி என் ஒரே கணக்கிலிருந்து மட்டும் எழுதுவேன். கட்டுரையில் கை வைக்கும் முன் உரையாடல் பக்கத்தில் பேசுவேன்’ என்று மூன்று வரி எழுதுங்கள். இப்படி எழுதியவர்களின் தடை குறைக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆறு முறை நீக்கியது பற்றியும் ஒரு சொல். ‘நான் சரியானதைத்தான் திரும்ப வைத்தேன்’ என்கிறீர்கள். எதிர்த் தரப்பும் அதையேதான் சொல்வார். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மற்றவர் செய்ததை மீட்டுத் திருப்பினால் தடை என்று வெளிப்படையான விதி இருக்கிறது. அப்பட்டமான நாசவேலையைத் திருத்துவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ‘என் பக்கம் உண்மை இருக்கிறது’ என்பது அந்த விலக்குகளில் இல்லை. ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தன் விதிகளைத் தானே வகுத்துக்கொண்டாலும், இப்படி மாறி மாறித் திருப்பும் தொகுத்தல் போர் எங்கும் குற்றம்தான்.

அந்தக் கல் என்ன சொல்கிறது?

இப்போது ஏரிக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய நிழற்படத்தைப் பலமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் வரியில் ‘கோப்பரகேசரி’ தெரிகிறது. அடுத்து ‘யாண்டு’, அதன் பிறகு ஓர் எண். கல்லின் வலது ஓரம் சிதைந்திருக்கிறது. மூன்றாம் வரியில் ‘எரி’ என்று ஒரு சொல். கல்வெட்டில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இராது, புள்ளியும் பெரும்பாலும் இராது என்பதால், அதை ‘ஏரி’ என்று நீங்கள் படித்தது சரியாகவே படுகிறது. மற்ற வரிகளில் பாதி சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் கிடக்கிறது.

நான் கல்வெட்டறிஞர் அல்ல. ஆனால் உங்களிடமே கேட்கிறேன், வகுப்பில் எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்: சோழ மன்னர்கள் பரகேசரி, இராசகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள் அல்லவா? விஜயாலயன் பரகேசரி. பராந்தகன் பரகேசரி. உத்தம சோழன் பரகேசரி. இராஜேந்திரன் பரகேசரி. இயற்பெயர் இல்லாமல் பட்டம் மட்டும் இருக்கும் கல்வெட்டை எந்த மன்னனுக்கு உரியது என்று முடிவு செய்ய, எழுத்தமைதியையும் (எழுத்துகளின் வடிவத்தையும்) அதில் வரும் அதிகாரிகளின் பெயர்களையும் அருகில் உள்ள மற்றக் கல்வெட்டுகளையும் ஒப்பிட வேண்டும். பராந்தகர் என்ற உங்கள் முடிவு சரியாக இருக்கலாம். ஆனால் அது கல்லில் எழுதப்பட்டிருக்கவில்லை. நீங்கள் அறிவைக் கொண்டு ஊகித்து எட்டிய முடிவு அது.

இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தக் கல்வெட்டு ஏரியை வெட்டியதைச் சொல்கிறதா, ஏற்கெனவே இருந்த ஏரிக்குத் தூர் எடுக்க யாரோ கொடுத்த தானத்தைச் சொல்கிறதா? படிக்க முடிந்த வரிகளில் ‘வெட்டுவித்த’ போன்ற சொல் எதுவும் இல்லை. அடுத்து, அந்தக் கல் முதலிலேயே மதகில் இருந்ததா, பின்னால் மதகைப் பழுது பார்த்தபோது இடிந்த கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்ததா? இரண்டாம் படத்தில் பக்கத்துக் கல் தலைகீழாக இருப்பதைக் கவனித்தீர்களா? கட்டியவர்கள் எழுத்தைப் பார்க்காமல் கையில் கிடைத்த கல்லை வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அது சொல்கிறது.

விக்கிப்பீடியா ‘தன்னாய்வு கூடாது’ என்று சொல்வது இதனால்தான். உங்கள் புலமையை அது அவமதிக்கவில்லை. கட்டுரையைப் படிக்கும் ஒருவர், உங்களை அறியாத ஒருவர், அந்தத் தகவலைத் தானே சரிபார்க்க முடிய வேண்டும் என்றுதான் கேட்கிறது. ‘நேரில் பார்த்தேன், படித்தேன்’ என்பது நீதிமன்றத்தில் நல்ல சாட்சியம். உங்களைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியும். கலைக்களஞ்சியத்தின் வாசகருக்கு அந்த வசதி இல்லை. அதனால் வேறொருவர் ஆராய்ந்து, அச்சில் வெளியிட்டு, பிறர் பார்வைக்கு வைத்ததைத்தான் அது ஏற்கும்.

இதை நானும் கசப்போடுதான் கற்றேன். தமிழ்நாட்டில் வாடகைக் கட்டுப்பாட்டுக்கான 1960-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒரு கட்டுரை பழைய சட்டத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. ‘நான் தினமும் இந்த வழக்கு நடத்துகிறேன்’ என்ற எண்ணத்தில் சான்று எதுவும் தராமல் மாற்றினேன். ஒரு கல்லூரி மாணவர் அதை நீக்கிவிட்டார். அன்று முழுவதும் மனம் ஆறவில்லை. மறுநாள் அரசிதழ் அறிவிக்கையைச் சான்றாகச் சேர்த்து அதே வரியை எழுதினேன். அதே மாணவர் நன்றி தெரிவித்தார். இன்றும் அந்த வரி நிற்கிறது.

கும்பாபிஷேக மலரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிர்த் தரப்பின் சான்றும் வலுவானதல்ல. விழாக் குழுவினரே அச்சிட்டு, நன்கொடையாளரின் குலப் பெருமையை ஒரு பக்கத்தில் வைக்கும் மலர் அது. பாளையத் தலைவரின் வழிவந்தவர்கள் விழாவுக்குப் பொருள் உதவி செய்திருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மலரில் ஊர் வழக்குகள் கிடைக்கும். அவற்றை ‘ஊரில் இப்படிச் சொல்லப்படுகிறது’ என்று வேண்டுமானால் குறிப்பிடலாம். ‘இன்னார் வெட்டிய ஏரி’ என்று உறுதியாகச் சொல்ல அது போதாது. இதை உரையாடல் பக்கத்தில் நிதானமாகச் சொல்லியிருந்தால் அன்றே உங்கள் தரப்பு வலுப்பெற்றிருக்கும். ஆறு முறை நீக்கியதில் அந்த வாய்ப்பை இழந்தீர்கள்.

இருவரும் ஒருசேரச் சரியாக இருக்கவும் வழி உண்டு. பத்தாம் நூற்றாண்டில் இருந்த ஏரிக்குப் பதினாறாம் நூற்றாண்டில் ஒருவர் கரை உயர்த்தி மதகு கட்டியிருக்கலாம். தமிழ்நாட்டு ஏரிகளில் பெரும்பாலானவை இப்படிப் பல கைகள் பட்டவைதான். போலந்தின் கதான்ஸ்க் நகரை ஜெர்மானியர் டான்சிக் என்பார்கள். எந்தப் பெயரை எழுதுவது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் மிகக் கடுமையான தொகுத்தல் போர் நடந்தது. 2005-இல் அதைக் காலத்தால் பிரித்துத் தீர்த்தார்கள்: 1308 முதல் 1945 வரையிலான நிகழ்வுகளுக்கு டான்சிக், அதற்கு முன்னும் பின்னும் கதான்ஸ்க். யாரும் முழுதாக வெல்லவில்லை, ஆனால் கட்டுரைகள் அமைதியாயின. உங்கள் ஏரிக்கும் அப்படி ஒரு பத்தி எழுத முடியும்.

தந்தையின் பெயர்

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கட்டுரையில் செய்யப்பட்ட மாற்றங்களின் வரலாற்றைப் புரட்டியபோது, ‘அண்மைக் காலம்’ என்ற பகுதியில் ஏரிப் பாசனத்தாரின் தலைவராக இருந்து கலிங்கை (மிகுதி நீர் வழியும் இடத்தை) செப்பனிட்டவர் என்று ஒருவரின் பெயரை நீங்கள் சேர்த்திருப்பதைப் பார்த்தேன். கடிதத்தில் உங்கள் தந்தை என்று குறிப்பிட்டிருப்பதும் அவரையேதான். சான்று இணைக்கவில்லை, உறவையும் சொல்லவில்லை. உரையாடல் பக்கத்தில் இன்னும் எவரும் இதைக் கவனிக்கவில்லை. கவனித்தால், உங்கள் மற்ற எல்லாத் தொகுப்புகளையும் (நீங்கள் செய்த மாற்றங்களையும்) அந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்குவார்கள். எதிர்த் தரப்பு குலப் பெருமைக்காக எழுதுகிறது என்ற உங்கள் குற்றச்சாட்டும் அந்த நிமிடமே வலுவிழக்கும். தடை நீங்கியதும் நீங்களே உறவைச் சொல்லி, சான்று இல்லாததால் அந்த வரியை எடுத்துவிடுவதாக எழுதுங்கள். உங்கள் தந்தையின் உழைப்பை எழுத வேறு இடங்கள் உண்டு. நீங்கள் எழுதி வைத்திருக்கும் ஊர் வரலாற்றில் அது முதல் அத்தியாயமாகவே வரட்டும்.

வழக்கு, நோட்டீஸ், நீக்கம்

சட்டக் கேள்விகளுக்கு வருகிறேன்.

அவதூறு. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் அவதூறு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இருக்கிறது; பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளின் இடத்தில் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம், சமூக சேவை ஆகியவை தண்டனைகள். உரிமையியல் வழக்கென்றால் வெளியான ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும். ‘வயதான காலத்தில் வந்த கற்பனை’ என்ற சொல் புண்படுத்துவதுதான். ஆனால் ஒரு பொது விவாதத்தில், ஒருவரின் வாசிப்பைப் பற்றிய கருத்தாகத்தான் நீதிமன்றம் அதைப் பார்க்கும் என்பது என் மதிப்பீடு. நீங்கள் எழுதியது புனைபெயர்க் கணக்கில் என்பதால், அந்தச் சொல்லால் உங்கள் நற்பெயர் யாரிடம் குறைந்தது என்று மெய்ப்பிப்பதும் கடினம். எதிர்த் தரப்பும் புனைபெயரில்தான் இருக்கிறார். அவர் யார் என்று கண்டுபிடிக்கவே தனியாக மனுப் போட்டு நடக்க வேண்டும். அறுபத்து நான்கு வயதில் வாய்தா வாய்தாவாக நீதிமன்றப் படி ஏறச் சொல்லி நான் உங்களுக்கு ஆலோசனை தர மாட்டேன்.

அந்தச் சொல்லுக்குப் பரிகாரம் விக்கிப்பீடியாவுக்குள்ளேயே இருக்கிறது. தனிமனிதத் தாக்குதல் அங்கே தடை செய்யப்பட்டது. எல்லா மொழித் திட்டங்களுக்குமான பொது நடத்தை நெறியும் இருக்கிறது. அந்த வரி இருக்கும் தொகுப்பின் இணைப்பைக் கொடுத்து, நிருவாகிகளின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். அதில் ஏரியின் பேச்சை எடுக்காதீர்கள். ‘இந்தச் சொல்லை நீக்கச் சொல்லுங்கள்’ என்பதோடு நிறுத்துங்கள். ஒரே கோரிக்கை, ஒரே இணைப்பு என்றிருந்தால் கேட்பார்கள்.

வக்கீல் நோட்டீஸ். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை அமெரிக்காவில் இருக்கிறது. கட்டுரைகளின் உள்ளடக்கத்தை அது எழுதுவதும் இல்லை, பொதுவாகத் திருத்துவதும் இல்லை. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, பிறர் எழுதியதைத் தாங்கி நிற்கும் இடைநிலை அமைப்புகளுக்குச் சில நிபந்தனைகளோடு பாதுகாப்புத் தருகிறது. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் நீக்கும் கடமை எழும் என்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுக்கு விளக்கம் சொன்னது. ஏரியை வெட்டியவர் பெயர் தவறு என்பதற்காக எந்த நீதிமன்றமும் ஆணையிடாது. அதில் உங்களுக்கு மீறப்பட்ட சட்ட உரிமை எதுவும் இல்லை.

‘ஏஎன்ஐ செய்தி நிறுவனம் வழக்குப் போட்டதே’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், தன்னைப் பற்றிய கட்டுரையின் வாசகங்கள் அவதூறு என்று 2024 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதப்பட்ட பக்கத்தை நீக்கும்படி அக்டோபரில் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அது ஒரு செய்தி நிறுவனம் தன் நற்பெயரைப் பற்றித் தொடுத்த வழக்கு. உங்களுடையது வரலாற்றுக் கருத்து வேறுபாடு. இரண்டையும் ஒப்பிட முடியாது. அந்த வழக்கில் கட்டுரையைத் தொகுத்த தன்னார்வலர்களின் விவரங்களையும் வெளியிடச் சொன்னார்கள். ஊதியமின்றி இரவில் உட்கார்ந்து எழுதுபவர்களை அது எவ்வளவு அச்சுறுத்தியது என்பதை நான் அருகிலிருந்து அறிவேன். நீங்களும் அவர்களில் ஒருவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ‘வழக்குப் போடுவேன்’ என்று விக்கிப்பீடியாவுக்குள் எழுதினால், மற்றவர்கள் அச்சமில்லாமல் பேச முடியாது என்பதால், அந்த மிரட்டலைத் திரும்பப் பெறும் வரை எழுதியவரைத் தடை செய்வது ஆங்கில விக்கிப்பீடியாவின் வழக்கம். வழக்கா, உரையாடலா, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நோட்டீஸை அனுப்பாதீர்கள், அதைப் பற்றி அங்கே எழுதவும் வேண்டாம்.

கட்டுரையை நீக்குவது. எழுத்தின் பதிப்புரிமை உங்களுடையதுதான். ஆனால் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அந்தப் பொத்தானுக்கு அருகில் சிறிய எழுத்தில் இருக்கும் வாசகத்துக்கு நீங்கள் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அதை உலகுக்கு வழங்கிவிட்டீர்கள். அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, உங்கள் பங்கைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். உங்கள் பங்கு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் என்றும் இருக்கும். ‘என் கட்டுரை’ என்று கடிதத்தில் பதினோரு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். பெற்ற பிள்ளையைப் போலத்தான் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் சட்டப்படியும் விக்கிப்பீடியாவின் நெறிப்படியும் நீங்கள் அதைத் தொடங்கியவர்; உரிமையாளர் அல்லர்.

தடை நீங்கும் நாளில்

கட்டுரையில் கை வைக்காதீர்கள். நேராக உரையாடல் பக்கத்துக்குப் போய், ஏறத்தாழ இப்படி எழுதுங்கள்:

‘வணக்கம். முன்பு நான் தொடர்ந்து நீக்கியதற்கு வருந்துகிறேன். ஏரியின் காலம் பற்றி இப்போது இருக்கும் இரண்டு கூற்றுகளுக்கும் போதிய சான்று இல்லை என்று கருதுகிறேன். நான் எழுதியது என் சொந்த வாசிப்பு. கும்பாபிஷேக மலர் விழாக் குழுவின் வெளியீடு. தொல்லியல் துறை வெளியீடுகளில் தேடிவருகிறேன். அதுவரை ஏரியை வெட்டியவர் பற்றிய வரியை எடுத்துவிட்டு, மதகில் கல்வெட்டு இருப்பதை மட்டும் படத்தோடு குறிப்பிடலாமா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.’

ஒரு வாரம் பொறுங்கள். பதில் வந்தால் பேசுங்கள். வராவிட்டாலோ மறுப்பு வந்தாலோ, ஆலமரத்தடியில் இரண்டே வரியில் பிரச்சினையைச் சொல்லி, இதுவரை இதில் தலையிடாத பயனர்கள் பார்க்கும்படி கேளுங்கள். யாருக்கும் தனியாகத் தொலைபேசியில் சொல்லாதீர்கள். வந்து படிப்பவர் உங்களுக்கு எதிராகவும் சொல்லலாம். அதற்கு மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கள்.

சான்றுக்கு எங்கே போவது? இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887-இல் தொடங்குகின்றன. உங்கள் வட்டத்தின் பெயரை வைத்து அவற்றில் தேடுங்கள். ஊரின் பெயர் அன்று வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கலாம், அக்கம்பக்கத்து ஊர்களின் பெயர்களிலும் பாருங்கள். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை மாவட்ட வாரியாக வெளியிட்ட கல்வெட்டு நூல்கள் இருக்கின்றன. இவற்றில் பல இணையத்திலேயே மின்வடிவில் கிடைக்கின்றன. உங்கள் மதகுக் கல் ஏற்கெனவே எவரோ படித்து வெளியிட்டதாக இருந்தால், பக்க எண்ணோடு ஒரு வரி எழுதினால் போதும். உங்களுக்குப் பிடிக்காத முடிவாக அது இருந்தாலும் அதையே எழுதுங்கள்.

எங்கும் வெளியாகாத கல்வெட்டு என்றால், அது இந்தத் தகராறைவிடப் பெரிய செய்தி. அப்போது நீங்கள் செய்ய வேண்டிய வேலை விக்கிப்பீடியாவில் இல்லை. தமிழகத் தொல்லியல் கழகம் ‘ஆவணம்’ என்ற இதழை வெளியிட்டு வருகிறது. புதிதாகக் கண்டறியப்படும் கல்வெட்டுகளின் பாடம் அதில் வெளியாகும். உங்களைப் போன்ற ஆசிரியர்கள் பலர் கண்டுபிடித்துக் கொடுத்தவை அதில் இருக்கின்றன. உங்கள் பெயரில் அங்கே வெளிவந்துவிட்டால், பிறகு விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் அதைச் சான்றாகக் காட்டலாம். அந்த வரியை நீங்களே சேர்க்காமல், உரையாடல் பக்கத்தில் சொல்லி வேறொருவரைச் சேர்க்கச் சொல்வது இன்னும் நல்லது.

ஏரியில் நீர் வற்றினால்தான் அந்தக் கல்லின் கீழ்வரிகள் வெளியே தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். சித்திரை, வைகாசிதான் உங்களுக்குக் கிடைக்கும் காலம். அதற்குள் தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதி, மைப்படி (கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் படி) எடுக்க ஆள் அனுப்பக் கேளுங்கள். அவர்கள் வரும் வரை சுண்ணாம்புப் பூச்சை நீங்களே சுரண்ட வேண்டாம். எழுத்தும் சேர்ந்து போய்விடும். சுண்ணக்கட்டியால் எழுத்துகளின் மேல் தேய்த்து எடுத்த படத்தையும் அனுப்பாதீர்கள், தேய்ப்பவர் எதை எழுத்தென்று நினைக்கிறாரோ அதுதான் படத்தில் விழும். மாலை ஐந்து மணிக்கு மேல் வெயில் பக்கவாட்டில் சாயும்போது எழுத்துக் குழிகளில் நிழல் விழும். அப்போது நான்கு கோணங்களில் எடுத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து எடுங்கள். தங்கை மகனிடம் நல்ல கைப்பேசி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அவரை அதற்கு அழைத்துச் செல்லுங்கள்.